ராஜா இறங்கி நடந்த பாலம்

பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் ஷேர் ஆட்டோ முனகியது. தாவீது கியரை மாற்றினார். ஆட்டோ இன்னும் கொஞ்சம் முனகி, நின்று, ஒரு நொடி யோசித்துவிட்டு, பின்பக்கமாக உருள ஆரம்பித்தது.

"இன்னாப்பா, வந்த வழியே போவுது?" என்று கேட்டார் பட்டம்மாள்.

"ஒண்ணும் இல்லம்மா, கம்பியைக் கெட்டியாப் புடிச்சிக்குங்க" என்று பிரேக்கை மிதித்தார் தாவீது.

உள்ளே ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் புடவை விரித்துக் காட்டவும், விரித்ததை மறுபடி மடித்து வைக்கவும் போகிறவர்கள். அந்த எட்டுப் பேரில் மூத்தவர் பட்டம்மாள். ஐயம்பேட்டையிலிருந்து தினமும் காலையில் தாவீது வண்டியில் போய், சாயங்காலம் தாவீது வண்டியில் திரும்புவார்கள். நடுவில் ஏறுகிறவர்கள் இன்று வருவார்கள், நாளை பஸ்ஸில் போவார்கள். இந்த எட்டுப் பேரை நம்பித்தான் தாவீது வீட்டில் அடுப்பு எரிந்தது.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்க்காமலேயே அது அப்பாதுரை என்று தாவீதுக்குத் தெரியும். அப்பாதுரை புது ஆட்டோ வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து அந்த எட்டுப் பேர் மேல் அவருக்கு ஒரு கண்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. "பதினோரு வருஷமா என் வண்டி மெக்கானிக் மூஞ்சியைப் பாத்ததில்ல" என்பது தாவீது ஸ்டாண்டில் தினமும் ஒரு தடவையாவது சொல்லும் வசனம். அப்பாதுரை டீ குடித்துக்கொண்டிருந்தால் இரண்டு தடவை சொல்வார். அந்த வண்டிதான் நான்கு நாளாக இந்த ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. எஞ்சின் போய்விட்டது என்று தாவீது மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். மனசுக்குள் மட்டும்தான்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கம்மா."

"ஏன், வண்டி ஏறலியா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் எட்டுப் பேரும் நாலு எட்டு வைத்துப் பின்னால் நிற்கும் புது ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். தாவீது தலையைச் சொறிந்தபடி பாலத்தைப் பார்த்தார். கறுத்த கல், இடுக்கெல்லாம் பாசி, நடுவில் கூன் விழுந்த மாதிரி ஒரு மேடு. கீழே ஏரிக்கு வரும் கால்வாய். எவ்வளவு பழசு, யார் கட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாத விஷயத்தில் ஒரு வசதி உண்டு. யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"வண்டி ஏறாம இன்னா? ராஜாவே இறங்கி நடந்த பாலம்மா இது. இத்தினி நாளா தெரியாம குந்திக்கினு போயிட்டோம்."

"எந்த ராஜா?"

"அந்தக் காலத்துல ஒரு ராஜா யானை மேல காஞ்சிபுரத்துக்கு வந்தாரு. யானை இங்க வந்ததும் நின்னுட்டுது. தள்ளியும் பாத்தாங்க, கரும்பு காட்டியும் பாத்தாங்க, அசையல. ராஜா யோசிச்சாரு. 'இத்தினி பேர் கல்லு சுமந்து கட்டின பாலத்து மேல நான் மட்டும் சொகுசா குந்திக்கினு போவலாமா'ன்னுட்டு, செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு நடந்தாரு. அவர் அந்தாண்ட போனதும் யானை தானா பின்னாடியே வந்துது."

செருப்பு எங்கிருந்து வந்தது என்று தாவீதுக்கே தெரியவில்லை. ஆனால் கதையில் அதுதான் வேலை செய்தது. ஒன்பது பேரும் இறங்கினார்கள். பட்டம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாரம் இறங்கிய ஆட்டோ முக்கி முனகி மேலே ஏறியது.

அப்பாதுரை தலையை வெளியே நீட்டினார். "இன்னா தாவீது, இழுக்கலியா?"

தாவீது வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள் திரும்பினார். "உனக்கு இன்னா தெரியும்? ராஜாவே நடந்த பாலம் இது. நீயும்தான் இருக்கறியே, ஒரு நாளாவது எங்களுக்குச் சொன்னியா?"

அன்றைக்கு முழுவதும் தாவீதுக்கு ஒரே குஷி.

மறுநாள் யாரும் சொல்லாமலேயே எல்லோரும் பாலத்தடியில் இறங்கினார்கள். பத்தாம் நாள் பட்டம்மாள் தன் மூன்று மாத முட்டி வலி போயே போய்விட்டது என்று அறிவித்தார். தினமும் கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவர் கேட்கவில்லை. ராஜா நடந்திருக்கிறார் என்றால் கேட்காமல் இருக்க முடியுமா?

முட்டி வலி இல்லாத வீடு எது? ஒரே வாரத்தில் சேதி பட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் பரவியது. அப்பாதுரையின் பயணிகளும் இறங்க ஆரம்பித்தார்கள். "என் வண்டி ஏறும்மா, புது எஞ்சின்மா" என்று அவர் கெஞ்சினார். "உன் எஞ்சினு ராஜாவை விட ஒசத்தியா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்கள். புத்தம் புது ஆட்டோ காலியாகப் பாலம் ஏறுவதைத் தாவீது மறுகரையில் நின்று ஆசை தீரப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் மேலும் ஒரு வாரம்தான் நின்றது.

பாலத்தின் அகலம் ஒரு ஆட்டோவும் ஒரு மாடும் ஒன்றாகப் போகிற அளவு. மாடு கொஞ்சம் ஒதுங்க வேண்டும். அதில் ஐம்பது பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நடந்தால் வண்டி எங்கே போவது? நடந்தவர்கள் நடுவில் நின்று கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் பூ வைத்தார்கள். எட்டு நடை அடித்துக்கொண்டிருந்த தாவீது இப்போது ஐந்து நடை அடிக்கவே திணறினார்.

கதையைக் கொஞ்சம் சுருக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டம்மா" என்று பட்டம்மாளிடம் ஆரம்பித்தார். "ராஜா டவுனுக்குப் போறப்பத்தான் நடந்தாரு. திரும்பி வந்தப்போ நடக்கல. அதனால சாயங்காலம் எறங்கத் தேவையில்ல, சல்லுனு வண்டியிலயே வந்துடலாம்." சாயங்காலம் நாலு பேர், ஐந்து பேர் என்று பிரித்து இரண்டு நடையாக ஏற்றி வந்தால் வண்டி சமாளித்துவிடும் என்பது அவர் கணக்கு.

பட்டம்மாள் யோசித்தார். "திரும்பி வந்தப்போ யானை மேல வந்தாரா?"

"இல்லம்மா, அவர் இந்த வழியா திரும்பியே வரல."

சொன்ன பிறகுதான் தாவீதுக்கு உறைத்தது. பட்டம்மாள் முகத்தில் பெரிய தெளிவு வந்துவிட்டது. "அப்போ ராஜாவே திரும்பி வராத பாலத்துல நாம எப்படித் திரும்பி வர்றது? இத்தினி நாளா தப்பு பண்ணிட்டோமே."

அன்று சாயங்காலத்திலிருந்து எட்டுப் பேரும் பெரிய ரோட்டு வழியாக பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். தாவீது பட்டுக் கடை வாசலில் கத்திக் கத்திப் பார்த்துவிட்டுக் காலி வண்டியோடு வந்தார். பின்னாலேயே அப்பாதுரையும் காலி வண்டியோடு வந்தார். ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கும் தெம்பு இல்லை.

அடுத்ததாகத் தாவீது வெள்ளிக்கிழமையைக் கொண்டுவந்தார். ராஜா நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளி மட்டும் நடந்தால் போதும். மற்ற நாளில் போகவும் வரவும் எந்தத் தடையும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். மற்ற நாட்களில் பாலம் ஓரளவு காலியானது. ஆட்களைப் பிரித்துப் பிரித்து ஏற்றி எப்படியோ ஓட்டினார். ஆனால் தினமும் நடந்தால் கிடைக்கும் பலன் ஒரே நாளில் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்? முதல் வெள்ளிக்கிழமை செவிலிமேட்டிலிருந்து இரண்டு வேன் வந்தது. அடுத்த வெள்ளிக்கு மாகறலிலிருந்து டிராக்டர் கட்டிக்கொண்டு வந்தார்கள். பாலத்தின் இந்தக் கரையில் பூக்கடை, அந்தக் கரையில் செருப்பு பாதுகாக்கும் கடை. மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆதிகேசவன் வந்தார்.

ஆதிகேசவன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து, தலைமை தாங்க ஏதாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார். பாலத்தைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே ஒரு கமிட்டி அமைத்துத் தானே தலைவரானார். பிறகு நோட்டும் பேனாவுமாக ஸ்டாண்டுக்கு வந்தார்.

"தாவீது, வரலாறுன்னா ஆதாரம் வேணும். எந்த ராஜா, பல்லவனா சோழனா?"

"அதுக்கும் முன்னாடிங்க."

"பேரு?"

"அப்போல்லாம் ராஜாவுக்குப் பேர் சொல்ற வழக்கம் இல்லீங்க."

"யானைக்கு?"

"யானைக்கு இருந்துது."

ஆதிகேசவன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "அது எப்படி? ராஜாவுக்குப் பேர் இல்ல, யானைக்கு மட்டும் இருக்குதா?"

"யானையைப் பேர் சொல்லிக் கூப்புடணும் இல்லீங்களா? ராஜாவை எவன் பேர் சொல்லிக் கூப்புடுவான்?"

இந்த நியாயம் ஆதிகேசவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. பேனாவைத் திறந்தார். "சரி, யானை பேரைச் சொல்லுங்க."

தாவீது திருதிருவென்று விழித்தார். கண் அங்கே இங்கே அலைந்து தன் ஆட்டோவின் முன்கண்ணாடியில் போய் நின்றது. கல்யாணமான வருஷம் மனைவி பேரை மஞ்சள் எழுத்தில் அங்கே எழுதி வைத்திருந்தார்.

"சம்பூர்ணம்" என்றார்.

"ஆகா" என்றார் ஆதிகேசவன். "எவ்ளோ பொருத்தமான பேர். அதான் நீங்களும் வண்டியில எழுதி வெச்சிருக்கீங்களா?"

சேதி தாவீதுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பூர்ணம் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வேலை செய்பவள். வீட்டுக்குக் குஞ்சம் கட்டக் கொடுக்க வருகிறவர்கள் ஊர்ச் செய்தி அத்தனையையும் சேர்த்தே கொடுப்பார்கள். சாதாரண நாளில் அவள் புருஷனை 'ஏங்க, வாங்க' என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் அந்த 'ங்க' காணாமல் போய்விடும்.

"வாய்யா" என்றாள். "என் பேரை யானைக்கு வெச்சிட்டு வந்து சோறு கேக்கப் போறியா?"

"அவசரத்துல வாயில வந்துட்டுது சம்பூர்ணம்."

"அவசரத்துல வர்றதுக்கு உன் அம்மா பேரு இல்ல, அக்கா பேரு இல்ல. சர்ச்சுல பாஸ்டரம்மா கேக்கறாங்க, 'இன்னா சம்பூர்ணம், உனக்குக் கரும்பு புடிக்குமாமே'ன்னு."

"பெருமையான யானைதான் அது. ராஜாவையே நடக்க வெச்சிது."

"அது யானையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் ஓட்ட வண்டி ஏறல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஊரையே நடக்க வுட்டிருக்கற. மெக்கானிக்கிட்ட போய்க் காட்டுன்னு தலைதலையா அடிச்சிக்கினேனே, கேட்டியா?"

"எஞ்சின் போயிட்டுதுன்னு அவன் ஊரெல்லாம் சொல்லுவான். அப்பாதுரை மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

சம்பூர்ணம் கட்டிக்கொண்டிருந்த குஞ்சத்தை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அது தன் கழுத்தில் விழுந்ததாகவே தாவீதுக்குத் தோன்றியது.

கூட்டத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் இன்னமும் நம்பினார். கமிட்டிக் கூட்டத்துக்கு அவரைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு முக்கியமான விஷயம். சம்பூர்ணத்துக்குச் சத்தம் ஆவாது. கூட்டம் கூடி இரைச்சல் போட்டா ரொம்பக் கோச்சிக்கும்" என்றார். இதை அவர் மனப்பூர்வமாக, அனுபவத்திலிருந்தே சொன்னார்.

கமிட்டி அதிர்ந்து போனது. ஆதிகேசவன் எழுந்து நின்றார்.

"நான் அப்பவே நெனைச்சேன். பாலத்து மேல ஹாரனும் எஞ்சின் சத்தமும் எவ்ளோ அபசாரம். ஜனங்க சத்தம் இல்லாமதான் நடக்கறாங்க. சத்தம் போடறது வண்டிங்கதான். இனிமே பாலத்துல வண்டியே போவக் கூடாது. ரெண்டு பக்கமும் கல் தூண் நட்டுடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தாவீதின் கை மட்டும் எழவில்லை.

பதினைந்தே நாளில் எல்லாம் நடந்தது. நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் யானை செய்யச் சொன்னார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு யானை திறப்பு. திறந்ததும் தூண் நடுவது. அதன் பிறகு பாலத்தில் நடப்பவர்கள் மட்டும். பெரிய ரோட்டில் போய் ஓட்டலாம் என்றால், அங்கே வேறு ஸ்டாண்டு, வேறு சங்கம், இருக்கிற வண்டிக்கே முறை வருவதில்லை. தாவீதுக்கு இந்தப் பாலம் இல்லாவிட்டால் தொழில் இல்லை.

வியாழக்கிழமை அப்பாதுரை தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு டீ சொன்னார். இப்படி ஒரு காட்சியை ஸ்டாண்டு அதுவரை பார்த்ததில்லை.

"தாவீது, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நெஜமாவே ராஜா வந்தாரா?"

தாவீது டீயைப் பார்த்தார். "இல்லப்பா. வண்டி ஏறல."

அப்பாதுரை சிரிக்கவில்லை. அதுதான் தாவீதுக்கு அழுகையை வரவழைத்தது. "எனக்கு அன்னிக்கே சந்தேகம்" என்றார் அப்பாதுரை. "வண்டிக் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்குதுப்பா எனக்கு. நீதானே ஆரம்பிச்ச, நீயே முடிச்சு வை."

"சொன்னா என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

"எதுவும் நெனைக்கட்டும்பா. அதுக்கப்புறம் வண்டி ஓட்டலாம் இல்ல."

வீட்டில் சம்பூர்ணமும் அதையேதான் சொன்னாள். "மைக்கைப் புடிச்சு உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது. தாவீதுக்கு அதில் பாதி உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாவீது முதல் ஆராதனைக்குத் தனியாக நடந்தே போய், இரண்டு மாதமாகச் சொன்ன பொய்யை எல்லாம் ஒன்று விடாமல் எண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஒன்பதரை மணிக்குச் சம்பூர்ணத்தை ஆட்டோவில் உட்கார வைத்துப் பாலத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். ஊரே அங்கேதான் இருந்தது. பந்தல், தோரணம், நாதஸ்வரம். கல் யானைக்குப் பட்டுத் துணி சுற்றிக் கரும்பு சாத்தியிருந்தார்கள். சம்பூர்ணம் யானையை மேலும் கீழும் பார்த்தாள். "தும்பிக்கை நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மைக்கில் ஆதிகேசவன் முக்கால் மணி நேரம் வரலாறு பேசினார். தாவீது சொன்னது அதில் கால்வாசிதான் இருந்தது. யானை மூன்று போர்களில் கலந்துகொண்டிருந்தது. கடைசியில் தாவீதை அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். தாவீது சால்வையோடு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். ராஜா யாரும் வரல. யானையும் கெடையாது. ஏறாம நின்னது என் ஆட்டோ. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு நான் வுட்ட கதை இது. சம்பூர்ணம்ன்றது என் பொண்டாட்டி பேரு, அதோ குந்திக்கினு இருக்குது. என்னைத் திட்டுங்க, அடிங்க, பாலத்தை மட்டும் மூடாதீங்க."

பட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ அடக்கம் பாத்தீங்களா? பேர் தனக்கு வந்துடக் கூடாதுன்னு எப்படிச் சொல்லுது பாருங்க."

"அடக்கம் இல்லம்மா, பொய்யிம்மா."

"அப்போ என் முட்டி?"

கூட்டத்தில் நூறு முட்டிகள் இருந்தன; எல்லாம் அதே கேள்வியைக் கேட்பது போல் தோன்றியது. ஆதிகேசவன் கையை உயர்த்தினார்.

"அமைதி. இதைச் சோதிச்சே பாத்துடலாம். உங்க வண்டி ஆள் ஏத்தினா பாலம் ஏறாது, அவ்ளோதானே? எங்க கண்ணு முன்னாடி காட்டுங்க. ஏறலன்னா நீங்க சொன்னது உண்மை. தூணும் வேணாம், தீர்மானமும் வேணாம்."

தாவீதுக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. இந்த வண்டி ஏறாது என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு எதிலும் இருந்ததில்லை. "எல்லாரும் ஏறுங்க" என்றார். சம்பூர்ணம் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். பட்டம்மாள் ஏறினார், மற்ற ஏழு பேரும் ஏறினார்கள். அப்பாதுரை ஓடி வந்து, "நானும் வரேன், கனம் இருக்கட்டும்" என்று ஏறினார். அது போதாது என்று சர்க்கரைப் பொங்கலுக்கு வைத்திருந்த அரிசி மூட்டை இரண்டைத் தூக்கிக் காலடியில் வைத்துக்கொண்டார்.

தாவீது கண்ணை மூடி, ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இந்த வண்டி ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கியரைப் போட்டார்.

ஆட்டோ வழுக்கிக்கொண்டு போனது. முனகவில்லை. ஏற்றம் வந்தது, இன்னும் வேகமாகப் போனது. தாவீது பயந்து ஆக்ஸிலேட்டரைக் குறைத்தார். அப்போதும் போனது. பாலத்தின் உச்சிக்குப் போய், தேர் நிலைக்கு வந்த மாதிரி நின்றது. "பிரேக்கைப் புடிப்பா, பிரேக்கைப் புடி" என்று காதருகில் அப்பாதுரை கெஞ்சியது வீணாய்ப் போனது.

ஊர் ஆர்ப்பரித்தது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார். ஆதிகேசவன் மைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? யானை இல்லன்னு சொன்ன வாயாலேயே யானையோட பலத்தை நமக்குக் காட்டிட்டாரு. சம்பூர்ணம் மனசு எறங்கிட்டா. 'ராஜா நடந்தது போதும், என் ஜனங்க நடக்க வேணாம், வண்டியிலயே போவட்டும்'னு உத்தரவு குடுத்துட்டா. தூண் வேணாம். தீர்மானத்தை வாபஸ் வாங்கறேன். முட்டி வலி இருக்கறவங்க மட்டும் நடந்தாப் போதும்."

தாவீது அப்படியே உட்கார்ந்திருந்தார். பாலம் பிழைத்தது. தொழில் பிழைத்தது. அப்பாதுரை பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த அழுகை எந்தச் சந்தேகமும் இல்லாத சந்தோஷ அழுகை. எட்டுப் பேரும் இறங்காமலேயே பாலத்தைக் கும்பிட்டார்கள். சம்பூர்ணம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஆனால் தாவீதுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினோரு பேர், இரண்டு மூட்டை, செத்துப்போன எஞ்சின். எப்படி ஏறியது? ஒருவேளை உண்மையிலேயே ஒரு ராஜா வந்திருப்பாரோ, தன் வாயால் வேறு யாரோ பேசினார்களோ என்று நினைத்தார். சால்வையைச் சரி செய்துகொண்டு, கீழே பட்டுத் துணியோடு நின்ற கல் யானையைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் கும்பிடு போட்டார்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு, கையில் கிரீஸ் கறையோடு மெக்கானிக் கமல் வந்து வண்டிக்குள் தலையை நீட்டினான்.

"எப்படிண்ணா இழுக்குது? நீ சர்ச்சுக்குப் போனதும் அக்கா போன் பண்ணிக் கூப்ட்டாங்க. எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லண்ணா, பின்சக்கரத்து அச்சுல பட்டு நூல் ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஆவற அளவுக்குச் சுத்திக்கினு இருந்துது, அறுத்துப் போட்டுட்டேன்."